மணி அடிக்காத இல்லம்

அத்தியாயம் 4

பெரியவர் விட்ட உதை நேராகக் குண்டூசியின் தாடையில் விழுந்தது.

குண்டூசி மல்லாக்கச் சாய்ந்து, நாற்காலிக் காலில் பின்னந்தலையை இடித்துக்கொண்டு, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். ஷூ மாட்டிவிடலாமே என்று குனிந்து பாதத்தைத் தொட்டது ஒரு குற்றமா?

"இந்த வயசுலயே இப்படி உதைக்கிறார்னா, அந்தக் காலத்துல இவர் ரயிலை ஓட்டியிருக்க மாட்டார். உதைச்சே தள்ளியிருப்பார்," என்றான் படுத்தபடியே.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து பேச்சை வாரிக்கொண்டு போய்விட்டது. வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது முன்கையெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் அவர் மகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க வெளியில் இருக்க வேண்டிய பிழைப்பு என்பதால்தான் அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டிருந்தாள். "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாளாச்சு. சாக்ஸைக் கழட்டக்கூட விடமாட்டேங்கறார். குளியலறையில வழுக்கி விழுந்துட்டார்னு இல்லத்து மேனேஜர் போன்ல அழுதே விட்டார். போலீஸும் போய்ப் பார்த்துட்டு எல்லாம் ஒழுங்கா இருக்குன்னுட்டாங்க. ஆனா எலும்பு டாக்டர், இது விழுந்து உடைஞ்ச கை இல்ல, முறுக்கி உடைச்ச கைன்னு சொல்றார்."

"யார் அடிச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

போலீஸ் வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு அவள் தனியாகத் துப்பறியத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. பட்டம் மட்டும் பசைபோட்டு ஒட்டியதுபோல நின்றுவிட்டது. குண்டூசி அவளுடைய உதவியாள். உடம்புக்கு ஏற்ற பெயர், வாய்க்கு ஏற்ற வேலை.

"கேட்டா கண்ணை மூடிக்கறார். இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? விடிஞ்சதும் ஷூவைக் காட்டறார், வாசலைக் காட்டறார். அங்கேயே திரும்பிப் போகணுமாம்! கையை உடைச்ச இடத்துக்கே!"

இன்ஸ்பெக்டரம்மா உதை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். "அய்யா, அங்கே எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பெரியவர் இல்லையென்று தலையசைத்தார்.

"யாரையாவது?"

பெரியவரின் கண் நிரம்பியது. இடது முஷ்டியால் நாற்காலிக் கையைக் குத்தினார். மறுபடி குத்தினார். மகள் ஓடிவந்து பிடிக்கும்வரை குத்திக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தாள். "கிளம்பு குண்டூசி. நாம அக்கா, தம்பி. அப்பாவுக்கு இடம் பார்க்கப் போறோம்."

"எனக்கு அப்பாவே கிடையாதே மேடம்."

"இன்னைக்கு ஒருத்தர் இருக்கார்."

"நல்ல கதை. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு அப்பா கிடைச்சார், அவரையும் கொண்டுபோய் ஹோம்ல தள்ளறோம்."

*

இல்லம் பளபளவென்று இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. கட்டில் விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை. மருந்து நெடி இல்லை, மூத்திர நெடி இல்லை. மேனேஜர் இஸ்திரி கலையாத சட்டையும் தேன் தடவிய குரலுமாக முன்னால் நடந்தார். கனத்த தோல் ஷூ. முன்பக்கம் இரும்புப் பட்டை வைத்தது. அவர் நடக்க நடக்க நடைபாதை முழுக்க டக், டக் என்று எதிரொலித்தது.

"பெத்தவங்களை எங்கிட்ட விட்டுட்டுப் போறவங்க நிம்மதியாத் தூங்கணும். அதுதான் என் கொள்கை," என்றார். "ஒண்ணு கவனிச்சீங்களா? சத்தமே இல்ல! கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி வெச்சிருக்கோம். யாரும் அடிக்கறதில்ல. அவங்க கேட்கறதுக்கு முன்னாடியே செஞ்சுடறோம். சோதனைக்கு வந்த அதிகாரிங்க, உங்களுக்கு என்ன குறைன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டாங்க. ஒரு குறை வரல. கேடயமே குடுத்துட்டுப் போனாங்க."

"அக்கா, பேசாம நானே சேர்ந்துடறேன்," என்றான் குண்டூசி. பாதி நிஜமாகத்தான் சொன்னான்.

மேனேஜர் நாலடி முன்னே போனதும் இன்ஸ்பெக்டரம்மா ஒரு கட்டிலின் மணிப் பொத்தானை விரலால் தடவிக் காட்டினாள். விரல் நுனியில் தூசி.

"கட்டில் கம்பியில தூசி இல்ல. ஜன்னல்ல தூசி இல்ல. மனுஷன் தொட வேண்டிய இதுல மட்டும் இருக்கு," என்றாள் மெதுவாக. "என் மாமியார் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, தலையணை சரியில்ல, ஜன்னலைச் சாத்து, ஜன்னலைத் திறன்னு மணியை விட்டுக் கையை எடுக்கல. வயசானவங்க இருக்கிற இடத்துல நச்சரிப்பு கேட்கணும்டா. கேட்டாத்தான் அவங்களை யாரோ நல்லா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

கூடத்துக்குள் நுழைந்தபோது குண்டூசிக்கு முதுகுத்தண்டில் என்னவோ ஊர்ந்தது. ஏன் என்று சட்டெனப் பிடிபடவில்லை. பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் யாரோ ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது. தொலைக்காட்சி அவர்களுக்குப் பின்னால் இருந்தது. அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தார்கள்.

இவர்கள் உள்ளே வந்ததும், வரிசையில் எல்லாருடைய பாதங்களும் தரையைவிட்டு ஓர் அங்குலம் எழும்பின. அந்தப் புழுக்கத்திலும் எல்லாக் கால்களிலும் தடித்த கம்பளிக் காலுறை.

தேநீர் வண்டியோடு இன்னொரு ஆளும் கூடத்தில் நின்றான். வாசலை அடைத்து நின்றால் காற்று வராது, அப்படி ஓர் உடம்பு. பயில்வான் என்று மேனேஜர் கூப்பிட்டார். கன்னத்தில் நகக்கீறல். வலது கையில் கட்டு.

'ஆள் அகப்பட்டாச்சு' என்று குண்டூசி மனசுக்குள் கணக்கை முடித்தான்.

அதைப் படித்தவர்போல மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல உழைப்பாளிதான். ஆனா கொஞ்சம் முரடன். இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

இன்ஸ்பெக்டரம்மாவின் கை கைப்பைக்குள் லேசாக அசைந்தது. அடுத்த நிமிஷம் ஆபீஸ் அறையில் தொலைபேசி அலறியது.

"ஒரு நிமிஷம்," என்று மேனேஜர் போனார். டக், டக், டக். ஓசை தேய்ந்தது.

பாதங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

பயில்வான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் நடுவில் புகுந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பாதம்கூட அசையவில்லை. குண்டூசி போட்ட கணக்கு அங்கேயே கிழிந்தது.

பயில்வான் ஒரு கோப்பையை மட்டும் வெகுநேரம் ஊதி ஆற்றி, ஓரத்தில் இருந்த சின்ன உருவத்து அம்மாளிடம் நீட்டினான். அந்த அம்மாள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "சாப்பிட்டியாடா? பாதியா இளைச்சுட்டியே," என்றாள்.

குண்டூசி எச்சிலை விழுங்கினான். இது இளைத்த உடம்பு என்றால் கொழுத்தபோது எப்படி இருந்திருப்பான்?

டக், டக். மேனேஜர் திரும்பி வரும் ஓசை நடைபாதையில் கேட்டது. ஆள் கண்ணில் படும் முன்பே பாதங்கள் மேலே போய்விட்டன. அந்த அம்மாளின் பாதமும்தான்.

ஒரே ஒருவர் மட்டும் தாமதித்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர். தலையை அங்குமிங்கும் திருப்பி ஓசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாரோ கூப்பிட்டு வெச்சுட்டாங்க," என்றபடி வந்த மேனேஜர் கிழவரின் பக்கத்தில் நின்று தோளில் அன்பாகக் கைபோட்டார். "இவர் தபால்காரரா இருந்தவர். பாவம், ரெண்டு கண்ணும் போயிடுச்சு. என்ன தாத்தா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் அய்யா." கடைசிச் சொல்லில் குரல் பிசிறியது. "ரொம்ப… நல்லா இருக்கேன்."

குண்டூசி கீழே பார்த்தான்.

இரும்புப் பட்டை வைத்த ஷூ கிழவரின் விரல்கள் மேல் இருந்தது. சிகரெட்டை அணைப்பதுபோல இப்படியும் அப்படியும் அரைத்துக்கொண்டிருந்தது. மேலே மேனேஜரின் முகத்தில் சிரிப்பு ஓர் இழை கலையவில்லை. கம்பளிக் காலுறையில் ஈரமாக ஒரு கறை பரவியது.

இந்த மாதிரி நேரத்தில் பொறுமையாக இருக்க வேண்டும், சாட்சியம் சேர்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரம்மா அவனுக்குப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குண்டூசி பாய்ந்து இரண்டு கையாலும் மேனேஜரின் மார்பில் தள்ளினான். மேனேஜர் தேநீர் வண்டிமேல் விழுந்தார். கோப்பைகள் நொறுங்கின.

"காலை எடுடா நாயே!"

மேனேஜர் எழுந்தார். சட்டையெல்லாம் தேநீர். குரலில் இருந்த தேன் அத்தனையும் அந்தத் தேநீரோடு வடிந்துவிட்டது.

"பயில்வான். கதவைச் சாத்து. இவனுக்கு ஒண்ணு குடு."

பயில்வான் கதவைச் சாத்தினான். திரும்பினான். குண்டூசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கட்டுப்போட்ட கை அவன் முகத்தில் இறங்கியது. மூக்குக்குள் ஏதோ மளுக்கென்று முறிந்த ஓசை தலைக்குள் கேட்டது. அடுத்த குத்து வயிற்றில். காற்று மொத்தமும் வெளியேறி, கோப்பைச் சில்லுகள்மேல் முழங்கால் போட்டு விழுந்தான். வாய் நிறைய ரத்தம்.

இன்ஸ்பெக்டரம்மா குறுக்கே வந்து நின்றாள். அவள் கையை ஓங்கவில்லை.

"தம்பி, உங்க அம்மாவோட சாக்ஸைக் கழட்டிப் பாருங்க."

பயில்வானின் முஷ்டி அந்தரத்தில் நின்றது. "எங்க அம்மான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"இந்த உடம்பைப் பார்த்து இளைச்சுட்டியேன்னு சொல்ல இந்த உலகத்துல வேற யாரால முடியும்?"

"அவ பேச்சைக் கேட்காதே!" என்று மேனேஜர் கத்தினார். "உங்க அம்மாவை வெச்சுச் சோறு போடறது யாரு?"

"அதுதானே ஒப்பந்தம்?" இன்ஸ்பெக்டரம்மா பயில்வானின் கண்ணை விடவில்லை. "இங்கே நடக்கிறது எதையும் நீங்க வெளியே சொல்லக்கூடாது. உங்க அம்மாமேல அவர் கை வைக்கமாட்டார். அவங்களைக் குளிப்பாட்டறது, துணி மாத்தறது எல்லாம் வேலைக்காரப் பொம்பளைங்க. நீங்க அவங்க காலைப் பார்த்திருக்க மாட்டீங்க. அந்த ஷூ சத்தம் கேட்டதும் எல்லாரும் காலைத் தூக்கினாங்க தம்பி. உங்க அம்மாவும் தூக்கினாங்க."

தொலைக்காட்சியில் மட்டும் பாட்டு ஓடியது.

பயில்வான் போய்த் தாயின் முன்னால் மண்டியிட்டான். அந்த அம்மாள் பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"விடுடா. ஒண்ணுமில்ல. கதவுல இடிச்சுக்கிட்டேன்."

அவன் மெதுவாகப் பாதத்தைப் பற்றிக் காலுறையை உருவினான். விரல்கள் ஐந்தும் கருத்து வீங்கியிருந்தன. இரண்டு விரலில் நகமே இல்லை. மற்ற விரல்களில் பழைய ரத்தம் கட்டி நின்றது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா உனக்கு வேலை போயிடும்னான்டா," என்றாள் அந்த அம்மாள்.

மகன் வாயை மூடினால் தாய்க்கு அடி விழாது. தாய் வாயை மூடினால் மகனுக்கு வேலை போகாது. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்திருந்தார் மேனேஜர். குண்டூசிக்கு அது புரிந்தபோது மூக்குவலி மறந்துபோனது.

பயில்வான் எழுந்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த பித்தளைக் கேடயத்தைப் பிடுங்கி, அவன் நெருங்கியதும் ஓங்கி நெற்றியில் இறக்கினார். சிறந்த பராமரிப்புக்கான கேடயம் அவன் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் கொட்டியது. பயில்வான் நிற்கவில்லை. மறுபடி அடி. கேடயம் வளைந்தது. பயில்வான் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினான். எலும்பு முறிந்த ஓசையோடு மேனேஜரின் அலறல் கூடத்தை நிறைத்தது. அப்படியே கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். இரும்பு ஷூ இரண்டும் தரையைத் தொடாமல் உதைத்துக்கொண்டன.

"குண்டூசி! பிடிடா, கொன்னுடுவான்!"

"கொல்லட்டுமே மேடம்!" என்று குண்டூசி ரத்தத்தோடு துப்பினான்.

"செத்துட்டா இவன் தப்பிச்சுடுவான்டா! ஒவ்வொருத்தரா வந்து இவன் முகத்துக்கு நேரா சொல்ல வேணாமா?"

குண்டூசி பாய்ந்து பயில்வானின் முதுகில் தொற்றிக்கொண்டான். லாரியின் பின்னால் கட்டிய ஈரத்துணிபோல ஆடினான், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரம்மா யாருடைய கைத்தடியையோ பிடுங்கிப் பயில்வானின் முழங்கை மூட்டில் ஓங்கி அடித்தாள். அசையவில்லை. மேனேஜரின் நாக்கு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது அடியில் தடி உடைந்தது. பிடி ஒரு நொடி தளர்ந்தது. மேனேஜர் சாக்குமூட்டைபோலச் சரிந்தார்.

சரிந்தவர் இருமிக்கொண்டே இடது கையால் தரையில் ஊர்ந்தார். கோப்பைச் சில்லு ஒன்று கத்திபோலக் கிடந்தது. இன்ஸ்பெக்டரம்மாவின் கணுக்காலுக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. விரல்கள் அதைத் தொடும் நேரத்தில் ஒரு சக்கர நாற்காலி உருண்டு வந்து அந்த விரல்கள்மேல் ஏறி நின்றது. அதில் உட்கார்ந்திருந்த பாட்டி கீழே குனிந்து பார்த்தாள்.

"அடடா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். நாற்காலியை நகர்த்தவே இல்லை.

*

மேனேஜரைக் கட்டுத்துணியால் கட்டிப்போட்டு, இன்ஸ்பெக்டரம்மா போலீஸுக்குப் போன் போட்டாள். குண்டூசி மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு தபால்காரரின் காலுறையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ரயில் டிரைவர் இல்லையா?" என்று கேட்டார். "செத்துட்டாரா?"

"இல்ல தாத்தா. வீட்டுல இருக்கார். கையில கட்டு. கால் மட்டும் நல்லா வேலை செய்யுது," என்று குண்டூசி தாடையைத் தடவிக்கொண்டான்.

கிழவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "எனக்கு ஞாபகமறதி. அடிக்கக்கூடாதுங்கிறது மறந்துபோய் மணியை அடிச்சுடுவேன். அந்த ஆள் வருவான். டிரைவர் பக்கத்துக் கட்டில்லேர்ந்து எழுந்து எனக்கு முன்னாடி நின்னுப்பார். என்மேல விழ வேண்டியதெல்லாம் அவர்மேல விழும். ஒரு வார்த்தை பேச முடியாத மனுஷன். என் கையைத் தட்டித் தட்டிப் படுக்க வைப்பார்."

பெரியவர் யாரை விட்டுவிட்டு வந்தார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டரம்மா, நெற்றியில் ரத்தம் வழிய மூலையில் உட்கார்ந்திருந்த பயில்வானிடம் போனாள்.

"கன்னத்துல இருக்கிற கீறல் யாரோடது?"

பயில்வான் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"கையில கட்டு எதுக்கு? பல்லு பட்டதா?"

பயில்வான் தலையைக் குனிந்தான். "டிரைவர் கடிச்சுட்டார்."

"கையை முறுக்கினது யார்?"

"மேனேஜர்தான்." அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். "நான்… நான் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துட்டிருந்தார்."

காலுறையை நகர்த்திக்கொண்டிருந்த குண்டூசியின் கை நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் முன்புவரை இவனை வீரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சின்ன உருவத்து அம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து, புண்ணான பாதத்தோடு மூலைக்கு நடந்து வந்தாள். பயில்வான் தாங்கிப்பிடிக்கக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ பிடிச்சியா?"

"உனக்காகத்தாம்மா…"

அவன் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. அவ்வளவு சின்னக் கையிலிருந்து அப்படி ஓர் ஓசை வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குத்துக்கும் கேடயத்துக்கும் அசராத பயில்வான் அந்த அறையில் சுவரோடு ஒடுங்கிப்போனான்.

"என் பேரைச் சொல்லாதே," என்றாள். மூச்சு வாங்கியது. "போலீஸ் வருதாம். போய் வாசல்ல நில்லு. அவன் பண்ணினதைச் சொல்லு. நீ பண்ணினதையும் சொல்லு. ஒண்ணு விடாம."

"சொன்னா என்னையும் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கம்மா. உன்னை யார் பார்த்துப்பாங்க?"

"போடட்டும். எத்தனை வருஷமானாலும் போடட்டும். நான் உசுரோட இருப்பேன். நீ சொல்லிட்டு வர்ற வரைக்கும் இருப்பேன்."

வெளியே ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. பயில்வான் புறங்கையால் கண்ணிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இன்ஸ்பெக்டரம்மா அவனைப் பிடிக்கவில்லை, கூடவும் போகவில்லை. அவன் தானே கதவைத் திறந்து, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.